இருவரும் நேரில் வர வேண்டும்

கடனை முன்கூட்டியே அடைக்க வருகிறவர்களுக்கு எங்கள் கிளையில் ‘அவசரக்காரர்கள்’ என்று பெயர். மாதத் தவணை கட்டுகிறவர் காசோலையை நீட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவசரக்காரர் வந்தால் எங்களுக்கு அரை நாள் வேலை. கணக்கை அன்றைய தேதிக்கு நிறுத்த வேண்டும். அசலையும் வட்டியையும் பிரிக்க வேண்டும். தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும். பத்திரங்களை எடுத்துச் சரிபார்க்க வேண்டும். அதனால் அந்தப் பெயரில் கொஞ்சம் சலிப்பும் இருந்தது.

போன மாதம் பிரியா போன் செய்தாள். என்னிடம் வேலை பழகியவள், இன்று அதே வீட்டுக்கடன் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். “இப்பல்லாம் போன்லயே கடனை மூடிடறாங்க மேடம். ஒரு நிமிஷ வேலை. புதுசா சேர்ந்தவங்க பழைய விதிகளைப் படிச்சிட்டு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் எதுக்கு ஆபீசுக்கே வரவழைச்சீங்கன்னு கேக்கறாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியல. நீங்க எழுதிக் குடுங்களேன்” என்றாள்.

எழுதுகிறேன். இது விதியைப் பற்றிய விளக்கமாக இருக்காது. அந்த விதி ஒரே ஒரு முறை என் கண்ணெதிரே என்ன செய்தது என்பதை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

நான் சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரிந்து வேலைக்குச் சேர்ந்தவள். கணக்குப் பிரிவில் சில வருடங்கள், வீடு பார்க்கப் போகும் பொறியாளருக்கு உதவியாகச் சில வருடங்கள். செங்கல் தூசியும் பத்திர எழுத்தரின் கையெழுத்தும் பழகிய பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தி. நகர் கிளையில் கடன் முடிக்கும் மேஜைக்கு வந்தேன். வீடு மேற்கு மாம்பலத்தில். ரயில் நிலைய நடைபாலத்தில் ஏறி இறங்கினால் ரங்கநாதன் தெரு. துணிக்கடைகள் ஷட்டரைத் தூக்கும்போது நான் அலுவலகத்துக்குள் நுழைந்திருப்பேன்.

அங்கே மேலாளர் சேஷாத்ரி சார். மயிலாப்பூர்க்காரர். ஒரு கோப்பைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படிப்பார். “முதல் பக்கத்துல எல்லாருமே நன்னாத்தான் இருப்பா. கடைசியிலதான் என்ன ஆச்சுன்னு தெரியும்” என்பார். கோப்பில் பேனாவைத் தொட மாட்டார், பென்சில்தான். நாங்கள் எழுதிய குறிப்பு பிடிக்கவில்லை என்றால் அதன் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்புவார். எது தப்பு என்று சொல்ல மாட்டார், நாங்களே தேட வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. கடன் வாங்கியவர்களிடம் மட்டும் வேறு ஆளாக இருப்பார். எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுவார். அவர்கள் உட்கார்ந்திருக்கும்வரை தொலைபேசியை எடுக்க மாட்டார்.

அவசரக்காரர்கள் எல்லாரையும் அவர் ஒரே கேள்வி கேட்பார்.

“இதைக் கட்டினப்புறம் கையில என்ன வச்சிண்டிருப்பேள்?”

பதில் எதுவானாலும் சரி. கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒருமுறை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வருங்கால வைப்புநிதி முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்தார். கேள்வியைக் கேட்டதும் வெளியே போய் மாடிப்படி அருகே நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து பாதியை மட்டும் கட்டினார். இன்னொருவர் ஒரு தனியார் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கையில் ஒன்றும் மிஞ்சாது என்று சிரித்துக்கொண்டே சொல்லி, முழுவதையும் கட்டினார். அடுத்த வருடமே அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். தலைக்கு மேலே கடனில்லாத கூரை இருந்ததால்தான் தப்பித்தேன் என்று அவரே வந்து சொன்னார். அவசரம் சரியா தப்பா என்று அந்த மேஜையிலிருந்து எங்களால் சொல்ல முடிந்ததில்லை.

“ஏன் சார், கேக்கறதோட நிறுத்திடறீங்க? கொஞ்சம் எடுத்துச் சொல்லலாமே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“புத்தி சொல்றது நம்ம வேலை இல்லேம்மா. அவா ஆத்துல என்ன நடக்கறதுன்னு நமக்குத் தெரியுமா? கேக்கறதுதான் நம்ம வேலை.”

இஸ்மாயில் எங்களிடம் வந்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கும். ராயப்பேட்டையில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடை வைத்திருந்தார். அவருடைய தகப்பனார் காதர் பாய் தொடங்கிய கடை. மனைவி ரஹீமா மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டதால், இருவர் பெயரிலும் கடன் வாங்கிக் கொட்டிவாக்கத்தில் ஒரு சிறிய அடுக்குமாடி வீடு வாங்கினார்கள். ஒரே மகள் நஸ்ரீன்.

புதிய கார்கள் தெருவுக்குத் தெரு வந்துகொண்டிருந்த காலம் அது. கடையில் நல்ல ஓட்டம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ரெக்சின் வாசனையோடு இஸ்மாயில் என் மேஜைக்கு வந்துவிடுவார்.

“மேடம், தவணையோட இதையும் சேத்துக் கட்டிக்கிறேன். அசல்ல கழிச்சிடுங்க.”

“போன தடவைதானே கட்டினீங்க?”

“ஞாயித்துக்கிழமையும் கடை தொறக்கறேன் மேடம். கைக்கு வர்றத உடனே கட்டிடணும். வச்சிக்கினு இருந்தா செலவாயிடும்.”

அவர் அவசரத்துக்குக் காரணம் மெதுவாகத்தான் தெரிந்தது. வட்டிக்குக் கடன் வாங்கி வீடு வாங்கியது காதர் பாய்க்குப் பிடிக்கவில்லை. வட்டியை விலக்கிய மார்க்கத்தின் கட்டுப்பாட்டில் வாழ்ந்தவர் அவர். சண்டை போடவில்லை, மகனோடு பேச்சையும் நிறுத்தவில்லை. ஆனால், “கடன் முடியட்டும், வர்றேன்” என்று சொல்லிவிட்டு, ராயப்பேட்டையில் இளைய மகன் வீட்டிலேயே இருந்துவிட்டார். கொட்டிவாக்கம் வீட்டு வாசலைக்கூட அவர் பார்க்கவில்லை.

“எனக்கும் மனசுக்கு ஒப்பலதான் மேடம். வேற வழி இல்லாம வாங்கினது. அத்தா கடையில என் பக்கத்துலதான் உக்காந்துகினு கீறாரு. ஆனா என் வீடு இன்னா கலருன்னு அவருக்குத் தெரியாது” என்றார் ஒருநாள்.

நான்காவது வருடம் காதர் பாய்க்கு நெஞ்சு வலி வந்தது. பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இஸ்மாயிலின் வேகம் இன்னும் கூடியது. ஒரு டிராவல்ஸ்காரரிடம் எல்லா வேன்களுக்கும் உறை தைக்கும் வேலையை மொத்தமாகப் பிடித்தார். மாதாமாதம் கட்டிவந்த ஏலச்சீட்டையும் தள்ளி எடுத்தார். மீதிக் கடன் முழுவதையும் முடித்துவிடுகிறேன், எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுங்கள் என்று ஒருநாள் வந்து நின்றார். கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த வாரத்திலேயே ரஹீமா தனியாக வந்தார். மாலை, பள்ளி விட்ட நேரம். வெயிலில் வந்த களைப்பு போலத் தெரியவில்லை. உதடு வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

“மேடம், அவர் பணம் கொண்டு வந்தா, இப்ப வாங்க முடியாதுன்னு சொல்லிடுங்களேன். ஏதாவது ரூல் இருக்குன்னு சொல்லுங்க. ஆறு மாசம் போதும்.”

“ஏன்?”

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் அளவில்லாத ரத்தப்போக்கு. அடையாறில் பார்க்கும் டாக்டரம்மா, ரத்தம் ஏற்றி உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டாராம். இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வருவதற்குள் கண் இருட்டுகிறது. வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் நடத்துகிறார்.

“வீட்டுக்காரருக்குத் தெரியாதா?”

“களைப்பா இருக்குன்னு சொல்லியிருக்கேன். டாக்டர் சொன்னதைச் சொல்லல. சொன்னா பணத்தை எனக்குச் செலவு பண்ணிடுவாரு. அதுக்குள்ள மாமாவுக்கு ஏதாவது ஆயிட்டா? கடைசிவரைக்கும் அத்தா என் வீட்டுக்கு வரலைன்னு அவரு வாழ்நாள் பூரா நெனைப்பாரு. அதுக்குக் காரணம் நான்னு ஆயிடும். என்னால அதைத் தாங்க முடியாது மேடம். நீங்களே வாங்க மாட்டேன்னுட்டா பணமும் கையில இருக்கும், பழியும் என் மேல வராது, அப்ப சொல்லிடுவேன்.” டம்ளரைக் கீழே வைத்தார். “வீடு வாங்கி நாலு வருஷம் ஆகுது. பத்து நிமிஷம் நடந்தா கடல். ஒருநாள்கூட நாங்க மூணு பேரும் போய் நின்னதில்ல.”

அவரை ஆட்டோ ஏற்றிவிட்டு நேராக சேஷாத்ரி சாரிடம் போனேன். அந்தப் பெண் என்னை நம்பிச் சொன்னது. அதனால் விவரம் சொல்லவில்லை. மனைவிக்கு உடம்பு சரியில்லை, இப்போது கடனை முடிப்பதில் அவருக்குச் சம்மதமில்லை, பணத்தை வாங்காமல் தள்ளிப்போட ஏதாவது காரணம் சொல்லலாமா என்று மட்டும் கேட்டேன்.

“பொய் சொல்லப்படாது” என்றார் உடனே. பிறகு கோப்பை வாங்கி, வழக்கம்போல் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார். “கடன் ரெண்டு பேர் பேர்லயும்னா இருக்கு? முடிக்கறச்சே ரெண்டு பேரும் நேர்ல வரணும்கறது விதி. நாமதான் சோம்பேறித்தனமா படிவத்தை ஆத்துக்குக் குடுத்தனுப்பி கையெழுத்து வாங்கிண்டு வரச் சொல்றோம். இவாளை வரச் சொல்லு.”

“வந்தா நீங்க சொல்லிடுவீங்களா சார்?”

“நான் என்னத்தைச் சொல்றது? அந்தம்மா சொல்லட்டும். சொல்லலேன்னா கையெழுத்து வாங்கிண்டு கடனை முடிச்சிடுவேன். அது அவா ரெண்டு பேரோட வீடு.”

எனக்கு அது கொடுமையாகப் பட்டது. உடம்பு சரியில்லை என்று கேட்ட பிறகும் இப்படிச் சட்டம் பேசுகிறாரே என்று நினைத்தேன். ஆனாலும் இஸ்மாயிலுக்குப் போன் செய்து, முடிக்கும்போது இருவரும் நேரில் வர வேண்டும் என்று சொன்னேன்.

இருவரும் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார்கள். இஸ்மாயில் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சட்டைப் பையில் வங்கி டிராஃப்ட். ரஹீமா என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தார். சேஷாத்ரி சார் நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியைக் கூட்டி வைத்தார். டிராஃப்டை வாங்கிப் பெயரையும் தொகையையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு அதைக் கோப்பில் வைக்காமல் மேஜையின் நடுவில் வைத்தார்.

“சந்தோஷம். இதைக் கட்டினப்புறம் கையில என்ன வச்சிண்டிருப்பேள்?”

“கையில ஒண்ணும் இல்ல சார். ஆனா கடனும் இல்ல. கடை ஓடுது, இவளுக்குச் சம்பளம் வருது. இன்ஷா அல்லாஹ் சமாளிச்சிடுவோம்.”

சார் தலையசைத்தார். நாற்காலியை லேசாகத் திருப்பி ரஹீமாவைப் பார்த்தார். “நீங்களும் கடன்தாரர்தான். உங்களையும் கேக்கணும். இதுக்கு உங்களுக்குச் சம்மதமா? கிட்டத்துல ஏதாவது செலவு வரப்போறதா?”

ரஹீமா மேஜைமேல் இருந்த படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இஸ்மாயில் சிரித்தபடி, “இன்னா செலவு சார், ஒண்ணும் இல்ல” என்றார்.

“அவா சொல்லட்டும்” என்றார் சார் மெதுவாக.

வெளியே உஸ்மான் சாலையின் ஹாரன் சத்தம். மேஜைமேல் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. சார் அதைத் தொடவில்லை. ரஹீமா பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன். பேனா முனை காகிதத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது.

“எனக்கு ஆபரேஷன் பண்ணணும்” என்றார், காகிதத்தைப் பார்த்தபடியே.

இஸ்மாயிலுக்கு முதலில் புரியவில்லை. “இன்னாது?”

ரஹீமா சொன்னார். கட்டி, ரத்தம், டாக்டரம்மா சொன்னது எல்லாவற்றையும், வகுப்பில் கணக்குச் சொல்லித் தருவது போல வரிசையாக, ஒரு பிசிறு இல்லாமல் சொல்லி முடித்தார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா அத்தாகிட்ட என்ன சொல்லுவீங்க?”

இஸ்மாயில் எழுந்தார். அவர் கோபத்தில் கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. “நாலு வருஷமா ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வீட்டுக்கு வர்றேன். எதிர்லயே உக்காந்துகினு கீறே. எனக்குத் தெரியவே இல்லையே” என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

சார் தன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ரஹீமாவுக்குக் கொடுத்தார். வெள்ளைத் தாளை எடுத்துப் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

இஸ்மாயில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

“சார், அந்த டிராஃப்டைத் திருப்பிக் குடுப்பீங்களா?”

“நான் இன்னும் வாங்கிக்கவே இல்லையே” என்றார் சார். மேஜை நடுவில் இருந்ததை அவர் பக்கம் நகர்த்தினார். கூடவே அந்தத் தாளையும். முழுவதும் கட்டினால் என்ன ஆகும், ஒன்றும் கட்டாவிட்டால் என்ன ஆகும், ஒரு பகுதியைக் கட்டி வருடங்களைக் குறைக்காமல் மாதத் தவணையைக் குறைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று மூன்று கணக்குகள். எது நல்லது என்று எழுதவில்லை. “எப்ப வேணா வாங்கோ. ரெண்டு பேருமா வாங்கோ” என்றார்.

படியிறங்கும்போது இஸ்மாயில் மனைவியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டதைப் பார்த்தேன்.

அடுத்த வாரமே அடையாறு நர்சிங் ஹோமில் ஆபரேஷன் நடந்தது. நான் இருமுறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் இஸ்மாயில் அங்கேதான் இருந்தார். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டார்.

ஓய்வு முடிந்து ரஹீமா எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. நர்சிங் ஹோமிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நடந்ததைச் சொன்னார்.

“காலிங் பெல் அடிச்சுது. அவரு குளிச்சிட்டிருந்தாரு, நான்தான் மெதுவா போய்க் கதவைத் தொறந்தேன். மாமா நிக்கறாரு மேடம். ராயப்பேட்டையிலேர்ந்து ஆட்டோல வந்திருக்காரு. கையில தூக்குல ஆட்டுக்கால் சூப். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ‘மாமா, கடன் இன்னும் முடியல’ன்னு சொல்லிட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“‘தெரியும், நகரும்மா, சூடு ஆறிடும்’னாரு. உள்ள வந்து நேரா சமையக்கட்டுக்குப் போயிட்டாரு. கிண்ணம் எங்க இருக்குன்னு அங்கேர்ந்து கேக்கறாரு.”

சொல்லும்போதே சிரித்தார், அழவும் செய்தார்.

பிறகு இருவரும் சேர்ந்து வந்து, மிச்சமிருந்த பணத்தில் ஒரு பகுதியைக் கட்டித் தவணையைக் குறைத்துக்கொண்டார்கள். மற்றதை வங்கியில் போட்டார்கள். அடுத்த ஓரிரு வருடங்களில் இஸ்மாயிலின் கடையில் வியாபாரம் படுத்தது. சீட்டுக்கு உறை தைத்தே புதுக் கார்கள் வர ஆரம்பித்திருந்தன. முன்பு அவர் அடித்துப்பிடித்துக் கட்டிய தொகைகளால் தவணை சிறியதாகியிருந்ததும், வங்கியில் கொஞ்சம் இருந்ததும் சேர்ந்துதான் அவர்களைக் காப்பாற்றின. அவசரப்பட்டதும் உதவியது, நிறுத்தியதும் உதவியது. ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதை மட்டும் அவர் விட்டுவிட்டார்.

சேஷாத்ரி சாரிடம் நான் அந்தச் சனிக்கிழமை பற்றிப் பேச முயன்றேன். “அந்தம்மா கையெழுத்துப் போட்டிருந்தா நிஜமாவே முடிச்சிருப்பீங்களா சார்?” என்று கேட்டேன். கோப்பிலிருந்து தலை நிமிராமல், “அதுக்கு முந்தின ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சிண்டிருந்தேன்” என்றார். அவர் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலி எனக்கு வந்தது. நானும் அந்தக் கேள்வியைக் கேட்டேன், இருவரிடமும் கேட்டேன். பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை. கேட்டோம், சொன்னார்கள், கையெழுத்துப் போட்டோம்.

சிறுகச் சிறுகக் கட்டியே, தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் இஸ்மாயிலும் ரஹீமாவும் கடனை முடித்தார்கள். கெடு முடிய இன்னும் பல வருடங்கள் இருந்தன. அவர் முதலில் நினைத்ததைவிடத் தாமதம்தான். பத்திர அலமாரிக்கு இரண்டு சாவிகள், இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க முடியும். நானும் கணக்கரும் திறந்து, அவர்களுடைய பத்திரக் கட்டை எடுத்து வந்தோம். தாய்ப்பத்திரம், கிரயப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று ஒவ்வொன்றாக நான் படிக்க, ரஹீமா வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்து அடுக்கினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“மேடம், அத்தாவுக்கு ஒரு போன் பண்ணிக்கவா?” என்றார் இஸ்மாயில்.

போனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். காதர் பாய் அப்போது அதிகம் வெளியே வருவதில்லை, வீட்டோடுதான் இருந்தார். இஸ்மாயில் குரலை உயர்த்திச் சொன்னார். “அத்தா, முடிஞ்சிபோச்சு. ஆமா, எல்லாம் கட்டியாச்சு. பத்திரம் கையில கீது.”

அந்தப் பக்கம் ஏதோ சுருக்கமாகச் சொன்னது கேட்டது. இஸ்மாயில் ஒரு கணம் ரிசீவரையே பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு அதை மனைவியிடம் நீட்டினார்.

“‘சரி சரி’ன்றாரு. உங்கிட்ட குடுக்கச் சொல்றாரு.”

ரஹீமா பத்திரக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

“சொல்லுங்க மாமா. நல்லா இருக்கேன். ம், டாக்டர்கிட்ட போன வாரம்தான் காட்டினேன், ரத்தம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. ஆமா, பேரீச்சம்பழம் தீந்துபோச்சு. இல்ல மாமா, நீங்க அலைய வேணாம், நாங்களே சாயங்காலம் அங்க வர்றோம்.”